சாய்வுக்கோட்டை விட்டுவிட்டு ரயிலேறுங்கள்

மலேசியாவின் பகாவிலிருந்து சீனாவுக்குப் படிக்கப் போன தங்கச்சி ஒருத்தி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீசாட்டில் எனக்குக் குரல்பதிவு அனுப்பினாள். பின்னணியில் ரயில் நிலைய அறிவிப்பு, நடுவில் அவள் அழுகை. “அக்கா, எல்லாரும் உள்ள போயிட்டாங்க, என்னை மட்டும் விடமாட்றாங்க.” கூட்டாளிகள் ஐந்து பேர் நடைமேடையில் நிற்கிறார்கள், இவள் வாயிற்கதவுக்கு இந்தப் பக்கம். கையில் பணம் கட்டிய டிக்கெட் இருக்கிறது. அதில் இருந்ததோ பல்கலைக்கழகம் வைத்துக் கொடுத்த சீனப் பெயர், கடப்பிதழில் இருந்த பெயர் இல்லை.

இது முதல் கதையும் இல்லை. நான் ஷியாமெனில் படித்த காலத்திலேயே இப்படி நாலைந்து பேரைப் பார்த்துவிட்டேன். அதனால் ஊர் சுற்றுவதைப் பற்றி எழுதச் சொன்னால் முதலில் பெயரைப் பற்றித்தான் எழுதுவேன். ஊரைச் சுற்றுவது சுலபம், அதற்குக் கால் இருந்தால் போதும்.

எங்கே போகலாம் என்பதில் எனக்குப் பாரபட்சம் உண்டு. பெய்ஜிங் பெருஞ்சுவரை அப்பா அம்மா வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டாளிகளோடு முதலில் போக வேண்டியது ஃபூஜியான் மாநிலத்தின் சுவான்சோ. ஷியாமெனிலிருந்து விரைவு ரயிலில் அரை மணி நேரம், கொஞ்சம் கூடக் குறைய. கவனம்: அது குவாங்சோ இல்லை. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவைத்திருப்பார்கள். ஆங்கில எழுத்தில் ஒன்று க்யூவில் தொடங்கும், மற்றது ஜீயில். ஜீயைத் தொட்டீர்களானால் குவாங்சோவில் போய் இறங்குவீர்கள்.

எந்த நாள் என்றால், அக்டோபர் முதல் வாரமும் மே முதல் தேதியும் சீனப் புத்தாண்டும் வேண்டவே வேண்டாம், நாடே ரயிலில் இருக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் வரும். நவம்பர் நல்லது. திங்கட்கிழமை வேண்டாம், அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் அன்றுதான் மூடியிருக்கும். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டுப் போங்கள். குடியிருப்பு அனுமதிக்காகக் கடப்பிதழைக் கொடுத்துவிட்டு ரசீதோடு இருக்கும் வாரத்தில் எங்கும் போகாதீர்கள். ரசீதை வைத்துச் சமாளித்தவர்கள் உண்டு. நான் அந்தச் சூதாட்டத்துக்கு வரமாட்டேன்.

இனி பெயர்.

நம் மலேசியக் கடப்பிதழில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ, ஒரு சாய்வுக்கோடு, எல் அல்லது பி இருக்கும். மகன், மகள் என்பதன் மலாய்ச் சுருக்கம் என்று நமக்குத் தெரியும். சீனாவில் இருக்கும் கணினிக்குத் தெரியாது. சாய்வுக்கோட்டைத் தட்டினால் பாதிப் படிவங்கள் ஏற்காது. மீதிப் படிவங்கள் குடும்பப் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று இரண்டு கட்டம் காட்டும். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. இந்த இடத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு வழி பிடிக்கிறார்கள். ஒருத்தர் ஏ.எல்லை ஒட்டி எழுதுவார், ஒருத்தர் விட்டுவிடுவார், இன்னொருத்தர் அப்பா பெயரை முன்னால் போடுவார். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. மூன்று மாதம் கழித்து வங்கியில் ஓர் ஆள், ரயிலில் ஓர் ஆள், கைப்பேசி எண்ணில் ஓர் ஆள் என்று மூன்று பேராக ஆகியிருப்பார்கள்.

வழி இதுதான். கடப்பிதழில் படம் இருக்கும் பக்கத்தின் அடியில் பாருங்கள். அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கும். எந்திரம் படிப்பது அதைத்தான். அந்த வரிகளில் சாய்வுக்கோடு வரவே முடியாது. பெரிய ஆங்கில எழுத்தும் எண்ணும் அம்புக்குறியும் மட்டுந்தான் உலகம் முழுக்க அனுமதி. முதல் வரியில், நாட்டுக் குறியீட்டுக்குப் பிறகு, உங்கள் பெயர் எப்படி விழுந்திருக்கிறதோ அதை அப்படியே ஒரு தாளில் எழுதுங்கள். அம்புக்குறி வந்த இடத்தில் ஓர் இடைவெளி விடுங்கள். அந்தத் தாளைப் படம் பிடித்துக் கைப்பேசியில் வையுங்கள். இனி சீனாவில் எந்தக் கட்டத்தில் பெயர் கேட்டாலும் அதைப் பார்த்து எழுதுங்கள். மனப்பாடமாக எழுதாதீர்கள். “என் பேரு எனக்குத் தெரியாதா” என்று சொன்ன தம்பிதான் ஒரு முறை அப்பா பெயரில் ஓர் எச் விட்டு, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்து, மறுபடி வாங்கினான்.

முதலில் வங்கி, ஏனென்றால் மற்றதெல்லாம் அதில் தொங்குகிறது. கணக்குத் திறக்கும் நாளில் ஊழியர் தட்டச்சு செய்து முடித்ததும் திரையைக் காட்டச் சொல்லுங்கள், கையெழுத்துக்கு முன்னால். வெட்கப்படாதீர்கள். வங்கியில் விழுந்த பெயர்தான் அலிபேயிலும் வீசாட் பேயிலும் ஒத்துப்போக வேண்டும். ஓர் எழுத்து மாறினால் அட்டை ஒட்டாது. தவறாக விழுந்துவிட்டதா, கடப்பிதழோடு அதே கிளைக்குப் போய்த் திருத்துங்கள். பயணத்துக்கு முந்தின நாள் போகாதீர்கள்.

அடுத்து ரயில். 12306 என்பதுதான் சீன ரயில்வேயின் செயலி. அதில் கடப்பிதழை வைத்துப் பதிந்து, படம் இருக்கும் பக்கத்தை ஏற்றி, அவர்கள் சரிபார்த்த பிறகுதான் டிக்கெட் வாங்க முடியும். சரிபார்ப்புக்கு நாளாகும். டிக்கெட் திறப்பதோ புறப்படும் நாளுக்கு 15 நாள் முன்னால். ஆக, ஒரு மாதம் இருக்கும்போதே பதிவை முடித்துவிடுங்கள். சீனக் கூட்டாளி ஒருத்தர் எல்லாருக்கும் சேர்த்து வாங்கித் தருகிறேன் என்பார். நல்ல பிள்ளைகள், மனசு பெரிசு. ஆனால் உங்களை வீசாட்டில் எந்தப் பெயரில் வைத்திருக்கிறாரோ அதையே பயணி பெயராகப் போட்டுவிடுவார். அந்தத் தங்கச்சிக்கு நடந்தது இதுவேதான். கடப்பிதழ் எண்ணையும் அந்தத் தாளின் படத்தையும் அனுப்புங்கள், வாங்கியதும் திரையைப் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள், எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

தாள் டிக்கெட் கிடையாது, கடப்பிதழே டிக்கெட். நகல் செல்லாது, கைப்பேசியில் இருக்கும் படமும் செல்லாது. சீனப் பிள்ளைகள் அடையாள அட்டையைத் தட்டித் தானியங்கிக் கதவில் ஓடிவிடுவார்கள். அந்தக் கதவு நம் கடப்பிதழைப் படித்தாலும் படிக்கும், படிக்காமலும் போகும். அதை நம்பி வரிசையில் நிற்காமல் ஓரத்தில் ஆள் இருக்கும் வழிக்கு நேராகப் போங்கள். ரயில் புறப்படுவதற்குச் சில நிமிடம் முன்பே கதவு மூடிவிடும். கூட்டாளிகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: கதவில் காத்திருக்க வேண்டாம், பெட்டி எண்ணுக்கு நேராக நடைமேடையில் சந்திப்போம்.

தங்குமிடம். 2024இல் வெளிநாட்டவரைத் தங்க வைக்கத் தகுதியில்லை என்று சொல்லி விடுதிகள் மறுக்கக் கூடாதென்று அரசாங்கம் சொல்லிவிட்டது. இருந்தாலும் சின்ன விடுதியில் முகப்பு மேசைப் பிள்ளைக்குக் கடப்பிதழைப் பதியத் தெரியாது, தெரியாததால் இல்லை என்று சொல்லிவிடும். பணம் கட்டும் முன் தொலைபேசியில் கேளுங்கள்: “வாய்குவோரென் கெயீ ஜூ மா?” (வெளிநாட்டவர் தங்கலாமா?) சீனப்பள்ளியில் படித்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம். பகாவில் அப்படிப் படித்த நம் பிள்ளைகள் நிறைய. கூட்டாளி வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். விடுதியில் அதை அவர்களே செய்துவிடுவார்கள். நான் விடுதிக் கட்சி.

ஊரிலிருந்து அண்ணனோ கூட்டாளியோ வந்து சேர்ந்துகொள்வதானால், 2025 ஜூலை 17 முதல் மலேசியக் கடப்பிதழுக்கு 30 நாள் விசா வேண்டாம். படிக்கப் போகிறவருக்கு இது பொருந்தாது, மாணவர் விசாதான். வருகிறவர் டச் அன் கோ கைப்பேசிப் பையிலேயே கடைகளில் அலிபே குறியீட்டை வருடிப் பணம் கட்டலாம். வாட்ஸ்அப், கூகுள் வரைபடம் இரண்டும் அங்கத்து இணையத்தில் திறக்காது. காவ்தே வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள், போகுமிடங்களின் பெயரைச் சீன எழுத்தில் சேமித்துவையுங்கள்.

ஷியாமெனை விட்டுப் புறப்படும் முன் ஒரு வார்த்தை. ஷியாமென் பல்கலைக்கழகத்தை 1921இல் தொடங்கியவர் டான் கா கீ. சிங்கப்பூரில் அன்னாசியிலும் ரப்பரிலும் சம்பாதித்தவர். பல்கலைக்கழகத்தை நடத்தியது பெரும்பாலும் ரப்பர்ப் பணம். என் தாத்தா பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவர். அவர் வாளியில் விழுந்த பால் எந்த முதலாளிக்குப் போனதோ, எனக்குத் தெரிய நியாயமில்லை. ஆனாலும் அந்த வளாகத்தின் பழைய கட்டடங்களுக்கு முன்னால் நின்றபோது ‘இதில் நமக்கும் ஒரு செங்கல்’ என்று தோன்றியது. 2016இல் அதே பல்கலைக்கழகம் சிப்பாங்கில், சாலாக் திங்கியில் ஒரு வளாகம் திறந்துவிட்டது. இப்போது நம் பிள்ளைகள் காரில் போய்ப் படித்துவிட்டு வருகிறார்கள்.

சுவான்சோவில் நேராகக் காய்யுவான் கோயிலுக்குப் போங்கள். 686இல் தொடங்கிய பௌத்தக் கோயில். எல்லாரும் பெருமண்டபத்தின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, இரண்டு கல்கோபுரங்களையும் பார்த்துவிட்டு வெளியேறுவார்கள். நீங்கள் மண்டபத்தைச் சுற்றிப் பின்புறத் தாழ்வாரத்துக்குப் போங்கள். அங்கே பதினாறு பட்டையுள்ள இரண்டு கல்தூண்கள் இருக்கின்றன. வட்டங்களுக்குள் சின்னச் சின்னச் சிற்பங்கள்: இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், உரலை இழுத்துக்கொண்டு இரண்டு மரங்களுக்கு நடுவே போகும் கண்ணன், முதலை பிடித்த யானை. பெயர்ப்பலகையைத் தேடாதீர்கள், தூணைத் தேடுங்கள். வழிகாட்டிக்குப் பணம் கொடுக்கவும் வேண்டாம். நம் வீட்டுப் பாட்டிக்குப் படம் அனுப்பினால் போதும். என் பாட்டி ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், “அங்க விளக்கு ஏத்துறாங்களா?” என்று கேட்டார். ஊதுபத்திதான் என்றேன்.

வெளியே வரும்போது மேற்குக் கோபுரத்தின் நான்காம் நிலையில் வாளேந்திய குரங்கு ஒன்று இருக்கும், அண்ணாந்து தேடுங்கள். அந்தக் கோபுரம் 1237இல் முடிந்தது. அனுமார் என்று ஒரு கட்சி, சீனக் கதையின் குரங்கு அரசனுக்கு மூத்தவர் என்று ஒரு கட்சி. உங்கள் கூட்டத்திலும் சண்டை வரட்டும், ரயிலில் பொழுது போகும்.

இதெல்லாம் எப்படி அங்கே வந்தது? சொங், யுவான் காலத்தில் சுவான்சோ உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. 2021இல் அதனால்தான் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தமிழ் வணிகர்கள் அங்கே குடியிருந்தார்கள், சிவன் கோயில் கட்டினார்கள். கோயில் அழிந்த பிறகு அதன் கற்கள் ஊரெங்கும் சிதறின. 1956இல் கிடைத்த கல்வெட்டு தமிழில் எழுதி, கடைசியில் ஒரு வரி சீனம் சேர்த்தது. காலம் சகாப்தம் 1203 சித்திரை, அதாவது 1281, குப்ளாய் கான் ஆண்ட நேரம். சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் நலத்துக்காக, கான் கொடுத்த பர்மானின்படி, அதாவது அரசாணையின்படி, சிவனை எழுந்தருளச் செய்தார் என்று சொல்கிறது. பர்மானைக் குறிப்பிட மறக்கவில்லை பாருங்கள். தாள் சரியாக இருக்க வேண்டுமென்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. அவருக்கு இன்னொரு பெயரும் உண்டு, தவச்சக்கரவர்த்திகள். இரண்டையும் கல்லில் சேர்த்தே வெட்டிவிட்டார், குழப்பமில்லை. கல்வெட்டைப் பார்க்கவே போகிறவர்கள் மூலக்கல் எந்தக் கூடத்தில், அன்று திறந்திருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நகலைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு.

கடல்சார் அருங்காட்சியகத்தில் கோயில் கற்கள் நிறைய. 1974இல் ஹோசூ துறையில் தோண்டியெடுத்த சொங் காலக் கப்பலைக் காய்யுவான் கோயில் வளாகத்திலேயே ஒரு கூடத்தில் வைத்திருக்கிறார்கள். அதில் மிளகும் வாசனைக்கட்டையும் இருந்தன. அதைப் பார்க்கும்போது எனக்கு ஜெம்போல் ஞாபகம் வந்தது. மூவார் ஆற்றிலிருந்து ஜெம்போல் ஆற்றுக்கு வந்து, கொஞ்ச தூரம் தரையில் படகை இழுத்து, செர்த்திங் ஆற்றில் இறக்கி, பகாங் ஆறு வழியாகச் சீனக் கடலுக்குப் போன பழைய பெனாரிக்கான் வழி நம் பகாவ் பக்கந்தானே.

சாப்பாடு. சுவான்சோ மாட்டிறைச்சிச் சூப்புக்குப் பேர்போன ஊர். ‘நியூரோ’ என்று காதில் விழுந்தால் நமக்கில்லை. சைவம் என்றால் “வோ ச்சி சூ” என்று சொல்லுங்கள், கூடவே பன்றிக் கொழுப்பும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கீரையை அதில்தான் வதக்குவார்கள், அது அவர்களுக்கு இறைச்சிக் கணக்கில் வராது. கோயில் பக்கத்துச் சைவக் கடை எப்போதும் நம்பகமானது. ஊறுகாய் ஒரு சின்னப் புட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலில் சுடுநீர்க் குழாய் இருக்கும், மேகி கப் போதும். கிழவிகளிடம் மண்டரின் வேண்டாம். அங்கே பேசுவது நம் நாட்டுச் சீனர்கள் பலர் பேசும் ஹொக்கியன். பகாவ் பசார் மாலாமில் கேட்டுப் பழகிய “ஜியா பா பொய்”யை (சாப்பிட்டாச்சா) எடுத்து விடுங்கள். ஒரு தமிழ்ப் பிள்ளை அதைச் சொன்னால் கடையே எழுந்து வரும், இனிப்பும் வரும்.

மதியத்துக்கு மேல் சுன்பூ கிராமம். பெண்கள் கொண்டையைச் சுற்றிப் பூவளையம் வைக்கும் ஊர், வீட்டுச் சுவரெல்லாம் சிப்பி ஓடு. வாடகை உடை போட்டுப் படம் எடுக்கக் கூட்டம் அள்ளும். நம் பெண்களுக்குத் தலை நிறையப் பூ புதிதில்லையே. முதலில் விலை பேசிவிட்டு உட்காருங்கள். அலங்காரத்துக்கு ஒரு விலை, படத்துக்கு ஒரு விலை, திருத்திக் கொடுப்பதற்கு ஒரு விலை.

திரும்பும் டிக்கெட்டை முதலில் வாங்குங்கள், போகும் டிக்கெட்டைப் பிறகு. ஞாயிறு சாயங்கால ரயில்தான் முதலில் தீரும். மாணவர் விடுதிக் கதவு மூடும் நேரத்தைப் பார்த்து, அதற்கு முந்தின ரயிலுக்கும் முந்தின ரயிலைப் பிடியுங்கள். பூவளையத்தைக் கழற்றிவிட்டுக் கதவுக்குப் போங்கள், கடப்பிதழில் இருக்கும் முகத்தோடு ஒப்பிடுவார்கள்.