சுகர் நோட்டில் இன்னொரு கட்டம்

1. சுகர், பிரஷர் எழுதும் நோட்டில் 'இன்று என்ன நடந்தது' என்று ஒரு கட்டம் சேர்த்துப் போடுங்கள். வெறும் வயிற்றில் 130ஐத் தாண்டாத என் அம்மாவுக்கு ஒரு மாதம் முழுக்க 180, 190 என்றே காட்டியது. சாப்பாடு மாறவில்லை, மாத்திரை தவறவில்லை. நோட்டைப் புரட்டினால், தம்பிக்குக் கடன் நோட்டீஸ் வந்த வாரத்தில்தான் ஏற ஆரம்பித்திருக்கிறது. பயந்தால் அட்ரினலினும் கார்ட்டிசாலும் சுரக்கும். கல்லீரல் சேர்த்துவைத்த சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். எழுந்து ஓடுவதற்காக உடம்பு செய்யும் ஏற்பாடு அது. கடன்காரனுக்குப் பயந்து அம்மா எங்கே ஓடுவாள்? நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

2. சண்டை போட்ட சூட்டோடு பிரஷர் பார்க்காதீர்கள். காபி குடித்து அரை மணி ஆகட்டும். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்தபின் 1 நிமிட இடைவெளியில் 2 தடவை பாருங்கள். அப்படியும் பல நாள் 135/85க்கு மேலேயே நின்றால், "டென்ஷன்தான்" என்று தள்ளிப்போடக் கூடாது.

3. படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்கிறவரையும் கவனியுங்கள். அந்த மனச்சுமை அவர் உடம்பிலும் தெரியும். அமெரிக்காவின் ஒஹையோவில், மறதிநோய் வந்த உறவினரைப் பராமரித்த 13 பெண்களின் கையில் 3.5 மி.மீ. அளவில் சிறு காயம் செய்து பார்த்தார்கள். மற்றப் பெண்களைவிட இவர்களுக்குக் காயம் ஆற சுமார் 9 நாள் கூடுதலாக ஆனது. 1995இல் வெளிவந்த ஆய்வு. "உதவி வேணுமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். "அண்ணி, ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் பாத்துக்கறேன், நீங்க போய்த் தூங்குங்க" என்று நேரே போய் நில்லுங்கள்.

4. மனசு சரியில்லாத இரவுகளில் கை தானாக மிக்சர் டப்பாவைத் தேடும். டப்பாவைப் பரணில் போடுங்கள்.

5. நெஞ்சை அழுத்துகிறது, வியர்க்கிறது என்றால், வீட்டில் துக்கமே நடந்திருந்தாலும் "கவலையில வர்றது" என்று சோடா கொடுத்து உட்காரவைக்காதீர்கள். பேரதிர்ச்சியில் இதயத்தின் ஒரு பகுதி பலூன்போல உப்பி வலுவிழப்பதும் உண்டு. ஜப்பான் டாக்டர்கள் அதற்கு ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயரை வைத்து, 'டகோட்சுபோ' என்கிறார்கள். இதுவா, மாரடைப்பா என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. 108ஐக் கூப்பிடுங்கள்.

6. தூக்கமும் பசியும் 2 வாரமாகச் சரியில்லையா? மனநல உதவி எண் 'டெலி மானஸ்' 14416, காசில்லாமல் தமிழிலேயே பேசலாம். எண்ணை அந்த சுகர் நோட்டின் அட்டையிலேயே எழுதிவையுங்கள்.