நகம் பிளக்காமல் இருக்க...

பாத்திரம் தேய்க்கும் கைகளில்தான் நகம் அதிகம் பிளக்கும். தண்ணீரில் ஊறுவதும் காய்வதுமாக இருப்பதே காரணம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அது தோதுப்படாவிட்டால், வேலை முடிந்ததும் ஈரத்தைத் துடைத்துவிட்டு, நகத்திலும் அதன் ஓரச் சதையிலும் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் வைத்துத் தேயுங்கள். படுக்கப்போகும் முன் இன்னொரு முறை.

நகத்தின் அடியோரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை அழகுக்காக வெட்டவே வேண்டாம்; கிருமி உள்ளே நுழையாமல் தடுப்பதே அதுதான். குளித்ததும் நகம் வெட்டினால் சுலபம். நெயில் பாலிஷைச் சுரண்டி எடுத்தால் நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து உரிந்துவிடும்.

கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு தெரிந்தால் மட்டும் காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.