புகையிலையும் ஐந்தாம் கற்பனையும்



சிகரெட்டுப் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எச்சரிக்கையைப் பலமுறை பார்த்திருப்பீர். அது அங்கே எப்படி வந்ததென்று எப்போதாவது யோசித்ததுண்டா? அது யாரோ ஓர் அதிகாரிக்குத் திடீரெனத் தோன்றிய உத்தரவல்ல. வைத்தியர்கள் பல வருஷம் பொறுமையாய்க் கணக்கெடுத்து உண்மையைத் தேடியதன் பலன் அது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப்பின் இங்கிலாந்தில் நுரையீரல் புற்றுநோயால் மாண்டவர் தொகை பெருகிற்று. மோட்டார் புகையோ, சாலையில் போடும் தாரோ காரணமாயிருக்கலாம் என்றே ரிச்சர்டு டால் என்னும் வைத்தியர் முதலில் எண்ணினார். அவரும் பிராட்போர்டு ஹில் என்னும் புள்ளிவிவர நிபுணரும் இலண்டன் ஆஸ்பத்திரிகளில் விசாரித்து, 1950-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்நோய் கண்ட 649 ஆண்களில் புகைபிடியாதவர் இருவரே. வேறு நோய்களுக்காகப் படுத்திருந்த 649 ஆண்களிலோ 27 பேர். இதைக் கண்ட டால் தாமே சிகரெட்டை விட்டுவிட்டார்.

உண்மை தெரிந்தவுடனே சட்டம் பிறந்ததா? இல்லை. 1954-ல் அமெரிக்கப் புகையிலைக் கம்பெனிகள் பத்திரிகைகளில் பெரிய விளம்பரம் செய்து, இன்னும் நிரூபணமாகவில்லை என்று சாதித்தன. 1962-ல் இலண்டன் அரச வைத்தியர் கல்லூரியும், 1964-ல் அமெரிக்க சர்க்காரின் தலைமை வைத்தியரும் அறிக்கை வெளியிட்ட பிறகே காரியம் நடந்தது. 1965-ல் இங்கிலாந்தில் டெலிவிஷனில் சிகரெட் விளம்பரம் நின்றது. அதே வருஷம் பெட்டியில் எச்சரிக்கை இடவேண்டுமென அமெரிக்கா சட்டம் செய்தது. நமது தேசத்தில் 1975-ல் சிகரெட்டுக்கு அவ்விதி வந்தது. ஏழைகளின் பீடியையும் சேர்த்துக்கொண்ட சட்டமோ 2003-ல்தான் பிறந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைபிடித்தல் தடுக்கப்பட்டது.

இதில் நமக்கு என்ன பாடம்? ஆராய்ச்சி உண்மையைக் காட்டும். சட்டம் தெருவைக் காக்கும். வீட்டு வாசலுக்குள்ளே மனச்சாட்சிதான் காவல். 1981-ல் ஜப்பானில் ஹிராயாமா என்பவர், தாங்கள் புகைபிடியாதிருந்தும் புகைபிடிக்கும் கணவரோடு வாழ்ந்த மனைவியருக்கு அந்நோய் அதிகமென்று காட்டினார். தொட்டிலருகே பீடி பற்றவைக்கும் தகப்பனைப் போலீஸ்காரர் பிடிக்கமாட்டார். ஆனால் ஐந்தாம் கற்பனை அவனைக் கேள்வி கேட்கும். நம்முடைய சரீரம் இஸ்பிரீத்துசாந்துவின் ஆலயம் என்று அர்ச். சின்னப்பர் போதித்தாரே! போஜனம், மதுபானம், புகையிலை இவற்றில் மிதமிஞ்சுதலை விலக்குவது மட்டசனம் என்னும் புண்ணியம் என்று திருச்சபையின் ஞானோபதேசமும் கூறுகிறது. பாப்பரசர் பிரான்சிஸ், வத்திக்கானில் சிகரெட் விற்பனையை 2018 முதல் நிறுத்த 2017-ல் கட்டளையிட்டார். வருமானம் போனாலும் போகட்டும், பிறர் சரீரத்துக்குத் தீங்கு செய்யும் வியாபாரம் வேண்டாம் என்பதே கருத்து.

“முப்பது வருஷப் பழக்கம், இனி விட்டு என்ன பயன்?” என்பீரோ? டால் குழுவினர் ஆயிரக்கணக்கான வைத்தியர்களை ஐம்பது வருஷம் கவனித்து 2004-ல் கண்ட முடிவைக் கேளும்: 40 வயதில் விட்டவர் ஏறக்குறைய 9 வருஷ ஆயுளை மீட்டுக்கொண்டார், 60 வயதில் விட்டவரும் 3 வருஷம் பெற்றார். மூன்று வருஷம் சொற்பமல்ல. ஒரு பேரனின் புதுநன்மையையோ, ஒரு மகளின் மெய்விவாகத்தையோ காண அது போதும்.

இவ்வாரத் தீர்மானம்: புகைக்கிறவர் இன்று முதல் வீட்டுக்குள் புகைப்பதில்லை என்று தொடங்கி, முழுவதும் விட வைத்தியரின் உதவியை நாடக்கடவார். புகைக்காதவர் அவரைப் பழிக்காமல், அவருக்காகத் தினமும் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லக்கடவார்.