குழலின் நீளமும் குறியின் நேர்மையும்

நுழையும் முன்

குழல் நீண்டிருந்தால் குறி தவறாது என்பது பலருடைய எண்ணம். கடைகளில் காற்றுத் துப்பாக்கி வாங்கச் செல்வோரும் முதலில் குழலின் நீளத்தையே அளந்து பார்க்கின்றனர். இவ்வெண்ணத்தில் உண்மை எவ்வளவு, பிழை எவ்வளவு என்பதை இவ்வறிவியல் கட்டுரை ஆராய்கிறது.

பாடம்

2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆடவர் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியின் இறுதிச்சுற்று நடைபெற்றது. ஒரே ஒரு குண்டு எஞ்சியிருந்த வேளையில் இந்தியாவின் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்து வீரர் ஹென்றி ஹாக்கினனும் சம புள்ளிகளுடன் நின்றனர். கடைசிக் குண்டில் ஹாக்கினன் பெற்றது 9.7, பிந்த்ரா பெற்றது 10.8. மொத்தம் 700.5 புள்ளிகளுடன், ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்ற முதல் இந்தியர் என்னும் பெருமை பிந்த்ராவுக்குக் கிட்டியது. ஹாக்கினனுக்கு வெண்கலமே வாய்த்தது.

அந்த 1.1 புள்ளி இலக்குத்தாளில் எவ்வளவு தொலைவு? பத்துப் புள்ளிக்குரிய நடுப்புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர்தான். அதைச் சுற்றிய ஒவ்வொரு வளையமும் இரண்டரை மில்லிமீட்டர் அகலமுடையது. எனவே ஒரு புள்ளியின் பத்தில் ஒரு பங்கு என்பது கால் மில்லிமீட்டர். இரு வீரர்களின் கடைசிக் குண்டுகளும் நடுவிலிருந்து விலகிய தொலைவில் இருந்த வேறுபாடு மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. அது ஒரு நெல்மணியின் அகலம் ஆகும். எட்டு ஆண்டுகளுக்குப் பின் ரியோ டி ஜெனிரோவில் நிலைமை தலைகீழாயிற்று. சமநிலையை முறிக்கச் சுட்ட குண்டில் உக்ரைன் வீரர் செர்கி குலிஷ் 10.5 பெற, பிந்த்ரா 10.0 பெற்று நான்காம் இடத்தோடு வெளியேறினார். அங்கு அவருக்கும் பதக்கத்துக்கும் இடையே நின்ற அளவு ஒன்றேகால் மில்லிமீட்டர்.

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் தகுதிச்சுற்றில் அறுபது குண்டுகளுக்கு 630.7 புள்ளிகள் பெற்றார். சராசரியாக ஒரு குண்டு நடுவிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் மில்லிமீட்டர் தொலைவுக்குள் பாய்ந்திருந்தால்தான் அவ்வெண் கிடைக்கும். ஆயினும் அவருக்குக் கிட்டியது பத்தாம் இடமே. இறுதிச்சுற்றில் இடம்பெறுவோர் எண்மர் மட்டும். கால் மில்லிமீட்டருக்காகக் காலமெல்லாம் பயிலும் இவ்விளையாட்டில், குழலின் நீளம் பற்றிய கேள்வி வீண்கேள்வி அன்று.

குழல் நீண்டால் என்ன நேர்கிறது என்பதை முதலில் காண்போம். காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து இல்லை. அழுத்தி அடைக்கப்பட்ட காற்று திறந்துவிடப்பட்டதும் விரிந்து, ஈயக்குண்டைப் பின்னிருந்து தள்ளுகிறது. குண்டு குழலுக்குள் இருக்கும்வரை இத்தள்ளுதல் தொடரும். ஆகவே குழல் நீண்டால் குண்டின் வேகம் கூடவேண்டும் என்று தோன்றும். ஓர் எல்லைவரை அது மெய்யே. ஆனால் காற்று விரிய விரிய அதன் அழுத்தம் குறைகிறது. குழலின் உட்சுவரோ குண்டை உராய்ந்து தடுத்துக்கொண்டே இருக்கிறது. தள்ளும் விசையும் தடுக்கும் விசையும் சமமாகும் இடத்திற்கு அப்பால் குழல் நீள்வதால் பயனில்லை. குண்டின் வேகம் குறையவே தொடங்கும். சுருள்வில்லால் இயங்கும் துப்பாக்கியில் அடைபடும் காற்று சிறிதளவே ஆதலால் அவ்வெல்லை விரைவில் வந்துவிடும். புட்டியில் காற்றை மிகுந்த அழுத்தத்தில் நிரப்பிச் சுடும் துப்பாக்கியில் அது சற்றுத் தொலைவில் இருக்கும்.

இதற்கு நேர்மாறான கருவி ஒன்று அந்தமான் கடலுக்கு அக்கரையில் வழங்கி வருகிறது. மலாய் நாட்டிலும் போர்னியோவிலும் வேட்டையாடுவோர் ‘சும்பித்தான்’ என்னும் ஊதுகுழலில் சிற்றம்பை வைத்து வாயால் ஊதி எய்வர். அக்குழலின் நீளம் ஏறத்தாழ இரண்டு மீட்டர். இச்சொல்லே கடல் கடந்து வந்து தமிழில் ‘சுங்குத்தான்’ ஆயிற்று. தமிழகத்திலும் பறவை வேட்டைக்கு அவ்வூதுகுழல் பயன்பட்டதுண்டு. கருவியோடு பெயரும் கப்பலேறி வந்திருக்கிறது! மனிதனின் நுரையீரல் தரும் காற்றின் அளவு பெரிது, அழுத்தமோ சிறிது. மெல்லத் தள்ளும் காற்றுக்கு நெடுந்தொலைவு வேண்டும். அதனால் ஊதுகுழல் ஆளுயரத்தையும் மிஞ்சுகிறது. காற்றுத் துப்பாக்கியில் அழுத்தம் பெரிது, காற்றின் அளவு சிறிது. அதனால் குழல் குட்டையாக இருந்தாலும் போதும். குழலின் நீளத்தை உறுதிசெய்வது அதைத் தள்ளும் காற்றே என்பது இவ்விரண்டையும் ஒப்பிட்டால் விளங்கும்.

இனி வேகத்தை விடுத்துக் குறியை நோக்குவோம். வேகம் வேறு, குறி வேறு. போட்டித் துப்பாக்கியின் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 175 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதன் எடை அரை கிராமுக்குச் சற்று மேல். பத்து மீட்டரைக் கடக்க அதற்கு நொடியின் பதினேழில் ஒரு பங்கு போதும். அதற்குள் புவியீர்ப்பு அதனை ஒன்றரைச் செண்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் கீழிறக்கும். ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில் சென்றால் ஒவ்வொன்றும் ஒரே அளவு இறங்கும். குறிநோக்கியைத் திருகி அதனைச் சரிசெய்துவிடலாம். வேகம் மிகுந்திருக்க வேண்டும் என்பதில்லை, மாறாதிருக்க வேண்டும்.

குண்டு நேரே செல்வதற்குக் காரணம் குழலின் உட்சுவரில் வெட்டப்பட்ட புரிகள். அவை குண்டைப் பம்பரம்போல் சுழலச் செய்கின்றன. சுழலும் பம்பரம் சாயாது நிற்பதுபோல் சுழலும் குண்டும் தலை திரும்பாது செல்கிறது. இக்குழல்களில் ஏறத்தாழ 450 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் புரி வெட்டப்படுவது வழக்கம். சுழற்சி வேகம் புரியின் நெருக்கத்தையும் குண்டின் வேகத்தையும் சார்ந்தது. நீண்ட குழலில் குண்டு கூடுதல் சுற்றுகள் சுற்றும் என்பது உண்மை; ஆனால் அதனால் மட்டும் விரைவாகச் சுழலாது. இவ்விடத்தில்தான் பலரும் தடுமாறுகின்றனர்.

சான்று வேண்டுவோர் கைத்துப்பாக்கியைப் பார்க்கலாம். பத்து மீட்டர் போட்டிக்குரிய காற்றுக் கைத்துப்பாக்கியின் குழல் 25 செண்டிமீட்டர்கூட இராது. அதனை அசையாத பிடிகருவியில் பொருத்திச் சுட்டால், குண்டுகள் ஒரு குண்டின் அகலத்தைவிடச் சற்றே பெரிய துளைக்குள் அடங்கிவிடும். நீண்ட துப்பாக்கியும் அவ்வாறே செய்யும். அப்படியானால் வேறுபாடு எங்கே?

அது சுடுபவரின் கண்ணில் உள்ளது. கண்ணருகே பின்குறியும் குழல்வாயருகே முன்குறியும் அமைந்திருக்கின்றன. இரண்டையும் இலக்கோடு ஒரே நேர்க்கோட்டில் நிறுத்துவதே குறிபார்த்தல். முன்குறி பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் விலகியதாகக் கொள்வோம். இரு குறிகளுக்கும் இடைத்தொலைவு 80 செண்டிமீட்டர் எனில், பத்து மீட்டருக்கு அப்பால் அப்பிழை 1.25 மில்லிமீட்டராகப் பெருகும். இடைத்தொலைவு 40 செண்டிமீட்டர் எனில் 2.5 மில்லிமீட்டர் ஆகும். ஒரே பிழைக்கு ஓரிடத்தில் அரைப்புள்ளி இழப்பு. மற்றோரிடத்தில் ஒரு முழுப்புள்ளி. ரியோவில் பதக்கத்தைப் பிரித்ததும் அரைப்புள்ளியே என்பதை நினைவுகொள்க.

நீண்ட குழலுக்குப் புகழ் வந்தது இந்த இடைத்தொலைவினால்தான். துப்பாக்கி செய்வோர் இதனை நன்கறிவர். அவர்கள் புரியுள்ள குழலை ஏறத்தாழ 42 செண்டிமீட்டரோடு நிறுத்திவிட்டு, அதன் முனையில் வெறும் கூடான நீட்டிப்புக் குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன்மேல் முன்குறியை வைக்கின்றனர். குண்டு அக்கூட்டைத் தொடுவதில்லை. வெளியிலிருந்து காண்பவருக்கு அது நெடுங்குழல், குண்டுக்கோ குறுங்குழல். இவ்வுத்தி எல்லை மீறாதிருக்கவே பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு, இயங்குறுப்பின் பின்முனையிலிருந்து வெளித்தோற்றக் குழல்வாய்வரை 850 மில்லிமீட்டருக்கு மிகக்கூடாது என்று விதித்துள்ளது. துப்பாக்கியின் எடை 5.5 கிலோகிராமைத் தாண்டுதலும் கூடாது.

குறுங்குழலுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. விசையை இழுத்தபின் குண்டு குழலைவிட்டு நீங்கும்வரை சுடுபவர் அசையாதிருத்தல் வேண்டும். குழல் 18 செண்டிமீட்டர் நீண்டால் குண்டு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடி கூடுதலாக உள்ளே தங்கும். அது சிறிதெனினும், கை நடுங்கும் புதியவருக்கு அதுவும் இழப்பே. நீண்ட குழலின் முன்பாரமும் சிறுவர்களை விரைவில் களைப்படையச் செய்யும். பயிற்சி தொடங்கும் மாணவர்க்கு நெடுங்குழல் துப்பாக்கி வாங்குவதைவிடத் தோளுக்குப் பொருந்தும் துப்பாக்கியும் கூடுதலான ஈயக்குண்டுகளும் வாங்குவது நற்செலவு.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் நீளத்தைவிடக் கவலைக்குரியது வேறொன்று. போர்ட் பிளேயரில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். உப்புக் கலந்த ஈரக்காற்று எஃகை எளிதில் துருப்பிடிக்கச் செய்கிறது. குண்டு கடைசியாகத் தொட்டு நீங்கும் இடம் குழல்வாயின் விளிம்பு. அவ்விளிம்பில் ஒரு பக்கம் துரு அரித்தாலோ கீறல் விழுந்தாலோ, பின்னிருந்து வரும் காற்று அப்பக்கமாக முந்திக்கொண்டு வெளியேறிக் குண்டைச் சாய்த்துவிடும். எத்துணை நீளமான குழலும் அதனைச் சரிசெய்யாது. ஆகவே தீவுகளில் துப்பாக்கியைப் பயன்படுத்தியபின் உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் பூசி, ஈரம் புகாத பெட்டியில் வைத்தல் வேண்டும். குழலின் உட்புறத்தைத் தூய்மை செய்யும் கயிற்றைப் பின்வாயில் நுழைத்துக் குழல்வாய் வழியே நேராக இழுக்கவேண்டும். சாய்த்து இழுத்தால் கயிறே விளிம்பைத் தேய்த்துவிடும்.

சொல்லும் பொருளும்

குழல்வாய் – குண்டு வெளியேறும் முனை
புரி – குழலின் உட்புறத்தில் திருகாக வெட்டப்பட்ட வரி
குறுக்களவு – வட்டத்தின் விட்டம்
உத்தி – செய்யும் முறை, சூழ்ச்சி

பயிற்சி

1. ஊதுகுழல் நீண்டும் காற்றுத் துப்பாக்கியின் குழல் குட்டையாகவும் அமைந்திருப்பது ஏன்?
2. ‘வேகம் மிகுந்திருக்க வேண்டும் என்பதில்லை, மாறாதிருக்க வேண்டும்.’ இடம் சுட்டி விளக்குக.
3. இரு குறிகளுக்கும் இடைத்தொலைவு 50 செண்டிமீட்டர். முன்குறி 0.1 மில்லிமீட்டர் விலகினால் பத்து மீட்டரில் எவ்வளவு பிழை நேரும்? எத்தனை புள்ளி இழப்பு?
4. பிரித்து எழுதுக: நெடுங்குழல், காற்றழுத்தம், உட்சுவர்.
5. ‘சுங்குத்தான்’ போலக் கடல்வழியே தமிழுக்கு வந்த சொற்கள் மூன்றனை வீட்டில் உள்ள பெரியோரிடம் கேட்டு எழுதுக.