ரிட்டர்ன் டிக்கெட்டோடு வா

அபிராமி துணை

திருக்கடையூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு நீயும் பேத்தியும் தை மாதம் அமெரிக்காவிலிருந்து வருகிறீர்கள் என்றதும் மனசு நிறைந்து போயிற்று. வந்தால் திரும்பிப் போவதாக இல்லை என்ற சேதி உன் அம்மாவிடமிருந்து பிறகுதான் வந்தது. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. போனில் பேசினால் நீ அழுவாய், நான் சத்தம் போடுவேன். அதனால்தான் கடிதம்.

மாப்பிள்ளையோடு அனுசரித்துப் போ என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. போன ஆடியில் உன் முகத்தைப் பார்த்தவன் நான். பிரிவதென்றால் பிரி. ஆனால் எந்த ஊர்க் கோர்ட்டில் பிரிகிறாய், குழந்தையை எப்படி அழைத்து வருகிறாய் என்பதை நினைத்தால்தான் அடிவயிறு கலங்குகிறது.

'இந்தியா ஹேக் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை, இங்கே வந்துவிட்டால் யாரும் தொட முடியாது' என்று உன் மாமா சொன்னாராம். போடவில்லை என்பது உண்மைதான். குழந்தையைத் தாயோ தகப்பனோ நாடு விட்டு நாடு கொண்டுபோனால் திருப்பி அனுப்புவதற்காக 1980ல் உண்டான ஒப்பந்தம் அது. இலங்கையும் சிங்கப்பூரும் சேர்ந்துவிட்டன. நம் சட்ட ஆணையமும் 2009லேயே சேரச் சொல்லிப் பரிந்துரைத்தது, நாம் இன்னும் சேரவில்லை. அதனால் இங்கே கேட்பாரில்லை என்று ஆகிவிடுமா? மாப்பிள்ளை சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம்.

அப்படிப் போன தகப்பன் ஒருவர் உண்டு. நியூயார்க்கில் கஸ்டடி உத்தரவு இருக்கும்போதே 2007ல் ஒரு தாய் மகனோடு இந்தியா வந்துவிட்டார். ஊர் ஊராக மாறினார்கள், பையனுக்குப் படிப்பு நிலைக்கவில்லை. மாநிலப் போலீசால் கண்டுபிடிக்க முடியாமல் சி.பி.ஐ. இறங்கி, 2009 அக்டோபரில் சென்னையில் கண்டுபிடித்தது. நவம்பர் 17ஆம் தேதி, பையனை அமெரிக்காவுக்கே கூட்டிப்போக வேண்டும், அங்குள்ள கோர்ட்டில்தான் பேச வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அந்தப் பையன் இரண்டு வருஷம் ஒளிந்து வாழ்ந்ததுதான் மிச்சம். பேத்தியை அப்படி நினைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பை நீ எடுத்துக் காட்டுவாய். குழந்தையின் நலனே முதன்மை, வெளிநாட்டு உத்தரவு அதில் ஓர் அம்சம் மட்டுமே என்று சொல்லி, பிரிட்டனிலிருந்து வந்த பெண் குழந்தையைத் தாயிடமே விட்டார்கள். ஆனால் அந்தக் குழந்தைக்கு இருதயக் கோளாறு இருந்தது. 2019லும் 2020லும் வந்த வழக்குகளில் குழந்தைகளை அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாகத்தான் பார்க்கிறார்கள். ஐந்து வயது வரை தாயோடு என்று நம் சட்டம் சொல்வதும் பேத்திக்கு உதவாது, அவளுக்கு ஏழு முடிகிறது. பிறந்தது அங்கே, பள்ளி அங்கே, பாஸ்போர்ட் அந்த நாட்டுடையது. எந்த நீதிபதியும் முதலில் இதைத்தான் கேட்பார். அதோடு, தகப்பனின் உரிமையைத் தடுக்கும் எண்ணத்தோடு குழந்தையை வெளிநாட்டில் வைத்துக்கொண்டால் மூன்று வருஷம் வரை சிறை என்று அமெரிக்காவில் 1993லிருந்தே சட்டம் இருக்கிறது. உன் பேரில் வாரண்டு வந்தால் மகள் படிக்கும் நாட்டில் நீ கால் வைக்க முடியுமா?

உன் அத்தை விஷயத்தில் நடந்ததை உன் தலைமுறை பாதிதான் கேட்டிருக்கிறது. அவள் புருஷன் வெளிநாட்டில் விவாகரத்து வழக்குப் போட்டதும் பதிவுத் தபாலில் சம்மன் வந்தது. நான் மயிலாடுதுறையில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். 'வாங்குங்கள், ஒரு வக்கீலை வைத்து ஆட்சேபணை சொல்லுவோம்' என்று மன்றாடினேன். தாத்தா தபால்காரரைத் திண்ணையிலேயே திருப்பி அனுப்பினார். கவர் 'பெற மறுப்பு' என்று எழுதப்பட்டுப் போயிற்று. இவள் தரப்பைக் கேட்காமலே அங்கே எக்ஸ்பார்ட்டி டிகிரி ஆயிற்று. 1991ல் நரசிம்ம ராவ் வழக்கில், இந்து திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்கு, மனைவி கட்டுப்படாத வெளிநாட்டுக் கோர்ட் கொடுத்த விவாகரத்து இங்கே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, 'பார்த்தாயா, நான் செய்ததுதான் சரி' என்றார் தாத்தா. செல்லாது, சரி. அத்தைக்கு என்ன கிடைத்தது? அவள் புருஷன் அங்கே வேறு கல்யாணம் செய்துகொண்டார். அத்தை இந்த ஊரில் சட்டப்படி மனைவியாகவே, ஜீவனாம்சம் ஒரு பைசா இல்லாமல், இன்னொரு வாழ்வும் அமையாமல் நரைத்துப் போனாள். அந்த ஒரு கவரை வாங்கியிருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை. கோர்ட்டுக்கு முகம் காட்டாதவன் வீட்டில்தான் கேடு சேரும் பாப்பா, இதை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆகையால் நீ அங்கேயே ஒரு வக்கீலைப் பார். உன் விசா மாப்பிள்ளையின் வேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, விவாகரத்து டிகிரி ஆனால் அது என்னவாகும் என்பதை முதல் நாளே கேட்டுவிடு. கை நீட்டியிருந்தால் போலீசிடம் சொல், மறைக்காதே. கஸ்டடியைக் கேட்டு மனுப் போடு, குழந்தையோடு இந்தியாவில் குடியேறவும் அங்கேயே அனுமதி கேள். கிடைத்தால் ஊரறியக் கூட்டி வா. அறுபதாம் கல்யாணத்துக்கு என்று மாப்பிள்ளை எழுதிக்கொடுத்த சம்மதக் கடிதத்தை வைத்துக்கொண்டு இங்கேயே தங்கிவிடாதே. அபிராமி சந்நிதியில் உன் அப்பா மறுபடி தாலி கட்டும்போது பேத்தி பக்கத்தில் நிற்க வேண்டும், பொய் சொல்லிக் கூட்டி வந்த குழந்தையாக அல்ல.

முடிவு உன்னுடையது. நீ கேட்காமலே வந்து நின்றாலும் உன்னை வாசலில் நிறுத்திவைக்க மாட்டேன், அப்போதும் உனக்காக அலையப் போவது நான்தான்.

ரொம்பத் திட்டிவிட்டேனோ என்று பெரியம்மா முறைக்கிறாள். வக்கீல் செலவுக்குத் தயங்காதே. ஆற்றங்கரை நிலத்தின் குத்தகைப் பணம் உன் பேருக்கு என்று எப்போதோ முடிவு செய்ததுதான். பேத்திக்குக் கொலுசு வாங்கியாயிற்று, அளவு மட்டும் எழுது. அவளுக்கு நண்டு பிடிக்குமே, தரங்கம்பாடிக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். மாடி அறைக்குப் புதுக் கொசுவலையும் போட்டாயிற்று. நீ நல்ல பெண், இந்தக் குடும்பத்தில் உன்னைப் போலப் பொறுமைசாலி யாரும் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு. வக்கீலைப் பார்த்ததும் எந்த நேரமானாலும் போன் செய்.

அன்புடன்,
பெரியப்பா