அடுத்த குருத்து

அன்புள்ள பிள்ளைக்கு,

தலைமன்னார் வீதியோரம் சின்னதாய் ஒரு பனையோலைப் பட்டறை போட்டிருக்கிறாய். கொழும்புக் கடையொன்று இரண்டு கிழமைக்குள் ஐந்நூறு பெட்டி கேட்கிறது. ‘சூழலுக்கு உகந்தது, எல்லோரையும் அரவணைப்பது’ என்று ஒவ்வொன்றிலும் அட்டை தொங்கவிடவும் சொல்கிறது. எழுதலாமா என்று கேட்டிருக்கிறாய். அட்டையைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த இரண்டு கிழமையைப் பார்.

ஒரே பனையில் அடுத்தடுத்துக் குருத்து வெட்டினால் வட்டு மெலிந்துபோகும். ஒன்றை எடுத்தால் அடுத்ததை விரிய விடவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓலை காயாது. காயாததை இழைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். கடைக்கு நாள் குறிக்கமுன் பனையையும் வெயிலையும் கேட்டுக்கொள்.

சாயத்தையும் யோசி. இந்த மன்னார்த் தீவின் நல்ல தண்ணீர், மணலுக்குள் உப்புநீரின்மேல் மெல்லிய படையாகக் கிடக்கிறது. சாயம் அவித்த தண்ணீரை முற்றத்தில் ஊற்றினால் பிறகு கிணற்றில் அதையே அள்ளுவாய். பொலித்தீன் உறையும் வேண்டாம். கேரளக் கடலில் மூழ்கிய ‘எம்எஸ்சி எல்சா 3’ கப்பலின் பிளாஸ்டிக் மணிகள் 2025 ஜூனில் நம் கரையில் ஒதுங்கியதை மறந்திருக்கமாட்டாய். கடகத்தின் விளிம்பைப் பொத்தும் பனைநார், பெட்டிகளை அடுக்கிக் கட்டவும் போதும்.

மனிதருக்கும் இதே கணக்குத்தான். அவசர ஓடர் வந்தால் முதலில் கழற்றிவிடப்படுவது மெதுவான கைதான்: போரில் கையொன்றை இழந்தவர், கண் தெரியாதவர், மடியில் குழந்தையோடு வருகிறவர். ஓலையின் அகலத்தை விரலே அறியும். மாதிரியைப் படமாகக் காட்டாமல், இழைத்த பெட்டியாகவே கையில் கொடு. வார்வது, இழைப்பது, பொத்துவது என்று வேலையைப் பிரி. பெட்டிக்கு இவ்வளவு என்றில்லாமல் நேரத்துக்குக் கூலி கொடு.

என் முதல் பட்டறைக்கு மூன்று படி. ‘எல்லாரும் வாங்கோ’ என்று ஊருக்குச் சொன்னேன். சக்கர நாற்காலியில் வந்த ஒருத்தி வாசலோடு திரும்பிப் போனதை அன்று பின்னேரம்தான் அறிந்தேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கென 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கட்டடங்களுக்கான அணுகு வசதி ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. உனக்கு வேண்டிய கணக்கு சின்னது: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளச் சாய்தளம். கேற்றிலிருந்து அதுவரை மணலை இறுக்கிப் பாதை போடு. புதைமணலில் சில்லு உருளாது.

இன்னொன்று. 1990 ஒக்டோபரில் இந்தத் தீவிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. புத்தளத்தில் வருடக்கணக்காய் இருந்து, பலர் திரும்பி வந்திருக்கிறார்கள். அந்தப் பெண்களும் உன் பாயில் வந்து இருக்கவேண்டும். வெள்ளி மத்தியானத்தையும் ஞாயிறு காலையையும் வேலையில்லாமல் விடு. அழைப்பு என்பது அதுதான்.

இனி அட்டை. பெரிய சொல் எதுவும் வேண்டாம். இழைத்தவர் சம்மதித்தால் அவர் பெயரை எழுது; எந்த மாதத்து ஓலை என்பதையும் எழுது. கடைக்கு, இந்த மாதம் எண்பது பெட்டிதான் தரலாம் என்று பதில் போடு. சம்மதிக்காவிட்டால் ஓடரை விட்டுவிடு. நன்றாகக் காய்ந்த ஓலை காத்திருக்கும். தண்ணீர் தெளித்தால் மறுபடி வளையும்.

அன்புடன்,
பெரியம்மா