அடுக்குமாடி வீட்டுக்கு ஏற்ற நாய்

தோட்டத்து லயத்தில் வளர்ந்த நாய்க்குப் பால்மரக் காடே வாசல். ஈப்போவில் அடுக்குமாடி வீட்டுக்கு மாறி வந்திருக்கும் உங்களுக்கு வேறு வகை நாயே பொருந்தும்.

வாங்கும் முன்

• கட்டட நிர்வாகத்திடம் கேளுங்கள். 2015ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாக விதிகளின்படி, அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரும் பிராணியை, எழுத்துமூல அறிவிப்பு கிடைத்த 3 நாளில் அகற்ற வேண்டும்.
• மாநகர் மன்றத்தில் உரிமம் எடுங்கள். கால்நடை மருத்துவரிடம் தடுப்பூசி போடுங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது

• நீங்கள் தூக்கக்கூடிய எடையில் இருக்கட்டும். கயிற்றை இழுக்கும் பெரிய நாய் உங்களைக் கீழே தள்ளிவிடும். முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டும் நடப்பது கடினம்.
• குட்டியைவிட வளர்ந்த நாய் நல்லது. அதன் குணம் முன்பே தெரியும். குட்டி காலுக்கிடையில் ஓடும்.
• உருவத்தை மட்டும் பார்க்காதீர்கள். சிறிய டெரியர் ஓயாமல் குரைக்கலாம். சப்பை மூக்கு நாய்க்கு நம் வெயில் ஆகாது.

கடித்தால், பிறாண்டினால்

சோப்பு போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே கிளினிக் செல்லுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ பூசாதீர்கள். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிக அரிது. 2017 முதல் சரவாக்கில் பலர் அந்நோயால் இறந்துள்ளனர்.

கடைசியாக ஒன்று: நீங்கள் மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் நாயை யார் பார்த்துக்கொள்வார்கள்? அதற்குப் பதில் கிடைத்த பிறகே வாங்குங்கள்.